நகல் இருக்கும் இடம்: நிகர்நிலைக் கோப்புச் சேமிப்பும் பதிப்புரிமை வினைகளும்

ஆங்கிலத்தில் 'காப்பிரைட்' எனப்படும் உரிமைக்குத் தமிழில் மூன்று சொற்கள் வழங்குகின்றன. நூல்களின் முதற்பக்கங்களில் பதிப்புரிமை என்பதே பெருவழக்கு. நாளிதழ்களில் காப்புரிமை எனவும் எழுதப்பெறுகிறது. அச்சொல்லே புதுக் கண்டுபிடிப்புக்குரிய 'பேட்டண்ட்' உரிமைக்கும் ஆளப்படுவதால் மயக்கம் நேர்கிறது. 'காப்பி' என்னும் ஆங்கில ஒலிதான் 'காப்பு' என்பதை இங்கு இழுத்து வந்ததோ என்னும் ஐயமும் எழுகிறது. நகலுரிமை என்னும் மூன்றாவது சொல் அருகியே காணப்படுகிறது. மூன்றும் ஒரே உரிமையைக் குறிப்பினும் ஒவ்வொன்றும் வெவ்வேறு வினையை உட்கொண்டுள்ளது. பதித்தல் அச்சகத்தாரின் வினை. காத்தல் உரிமையாளரின் வினை. நகலெடுத்தலோ யாரும் செய்யக்கூடிய வினை.

ஆங்கிலச் சொல்லும் தொடக்கத்திலிருந்து ஒரே பொருளில் நின்றதன்று. இலண்டன் நூல் வணிகர் குழுவின் பதிவேடுகளில் 'காப்பி' என்பது அச்சுக்கோப்பவர் முன்வைத்துக்கொள்ளும் மூலப்படியைக் குறித்தது. பின்னர் அம்மூலத்தை அச்சிடும் உரிமையையே குறித்தது. 1710இல் நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம் தன் நெடுந்தலைப்பில் அச்சிட்ட நூல்களின் 'காப்பி'களை ஆசிரியரிடமோ அவற்றை விலைக்கு வாங்கியவரிடமோ ஒப்படைப்பதாகக் கூறுகிறது. அங்கே 'காப்பி' என்பது கடையில் விற்கும் படி அன்று, உரிமை. மூலத்தைச் சுட்டிய சொல் படியைச் சுட்டுவதாக மாறியபின், சட்டமும் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒரு பொருளைத் தன் மையமாகக் கொண்டது. அப்பொருள் எங்கே இருக்கிறது, யாரிடம் இருக்கிறது என்னும் வினாக்களுக்கு ஏறத்தாழ 300 ஆண்டுகள் எளிதில் விடை கிடைத்துவந்தது.

1999 முதல் அவ்விடை கிடைப்பது அரிதாயிற்று. ஒரு கோப்பைப் பல கணிப்பொறிகள் தமக்குள் பங்கிட்டுச் சேமித்து வழங்கும் முறைகள் தோன்றியமையே காரணம். இம்முறைகளின் வரலாற்றைப் பொறியியலாரும் சட்ட அறிஞரும் எழுதியுள்ளனர். அவ்வழக்குகளில் எந்தெந்தச் சொற்கள் பொருள்மாறின, எவை பொருள்மாற மறுத்தன என்பதை ஒரு மொழியியல் மாணவன் நோக்கில் காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். தொல்காப்பியர் வேற்றுமை மயங்கியலில் ஒரு தொழில் நிகழ வேண்டுவனவாக எட்டினைக் கூறுவது இதற்குப் பெரிதும் உதவுகிறது. வினையும் அதைச் செய்வோனும் செயப்படுபொருளும் மட்டுமன்றி, இடம், காலம், கருவி, இன்னார்க்கு என்பது, இன்ன பயனுக்கு என்பது ஆகியவையும் அவ்வெட்டனுள் அடங்கும். இந்த எட்டில் எவை தெளிவாகத் தெரிந்தனவோ அவற்றைப் பற்றிக்கொண்டே நீதிமன்றங்கள் முன்சென்றன. தெரியாதவற்றைத் தேடிய இடங்களில்தான் சொற்சிக்கல் பிறந்தது.

ஒத்தார் வலை

'பியர்' என்னும் ஆங்கிலச் சொல் சமம் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. இங்கிலாந்தில் தமக்குள் சமமானவர் என்னும் கருத்தில் பிரபுக்களுக்குப் பெயராகி, முடிவில் மற்றவரினும் உயர்ந்தோரைச் சுட்டியது. கணிப்பொறியியலில் அது பழம்பொருளுக்குத் திரும்பியுள்ளது. வழக்கமான வலையில் வழங்கி எனப்படும் பெருங்கணிப்பொறி கொடுக்கும். பிற கணிப்பொறிகள் பெறும். 'பியர் டு பியர்' வலையில் ஒவ்வொன்றும் கேட்கவும் செய்யும், கொடுக்கவும் செய்யும். இழிந்தோன் 'ஈ' என்றும், ஒப்போன் 'தா' என்றும், உயர்ந்தோன் 'கொடு' என்றும் கேட்பான் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் விதி. அவ்வகையில் இது 'தா' என்னும் சொல்லுக்குரிய வலை. இங்கு நிகர்நிலை வலை என்னும் தொடர் ஆளப்படுகிறது. கலைச்சொல்லாக்கக் கூட்டங்களில் இதனினும் நல்ல சொல் கிடைக்கலாம்.

1999 ஜூனில் ஷான் ஃபானிங் வெளியிட்ட நாப்ஸ்டர் இவ்வகையில் பெரும்புகழ் பெற்ற முதல் மென்பொருள். உண்மையில் அது பாதியளவே நிகர்நிலை வலை. பாடற்கோப்புகள் பயன்படுத்துவோரின் கணிப்பொறிகளில் இருந்தன. எந்தப் பாடல் யாரிடம் உள்ளது என்னும் அடைவு மட்டும் நிறுவனத்தின் வழங்கிகளில் இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. நாப்ஸ்டர் ஒரு பாடலையும் நகலெடுக்கவில்லை என்பதில் கருத்து வேறுபாடில்லை. வீட்டு ஒளிப்பதிவுக் கருவி பற்றிய 1984ஆம் ஆண்டுத் தீர்ப்பில், சட்டப்படியான பயன்பாடு கணிசமாக உடைய கருவியை விற்பவர் வாங்கியோரின் மீறலுக்குப் பொறுப்பாகார் என அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் எண்ணிக்கையில் கூறியிருந்தது. அதனையே நாப்ஸ்டர் துணைக்கு அழைத்தது. ஆயின் 2001 பிப்ரவரியில் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அடைவைப் பற்றிக்கொண்டது. அடைவை வைத்திருப்போர்க்கு நிகழ்வது தெரியும். அதை நீக்கித் தடுக்கவும் முடியும். ஆகவே அவர்க்குப் பொறுப்புண்டு. நகல் இருந்த இடம் பின்தள்ளப்பட்டு, பெயர் இருந்த இடம் முன்வந்தது. சொல்லடைவு தொகுத்தோர்க்கு இத்தீர்ப்பு சற்று அச்சமூட்டக்கூடும்.

அதனைத் தொடர்ந்து நிகழ்ந்தது மொழியியலார் சுவைக்கத்தக்கது. உரிமையுள்ள பாடல்களின் பெயர்களை அடைவிலிருந்து வடிகட்டுமாறு நீதிமன்றம் ஆணையிட்டது. பயனர்கள் பெயர்களைப் பிழையாக எழுதினர். ஆங்கிலச் சிறுவர் முதலெழுத்தைப் பின்னுக்குத் தள்ளிப் பேசும் 'பன்றி இலத்தீன்' என்னும் மறைமொழியில் கோப்புப் பெயர்களை மாற்றித்தர மென்பொருளும் வந்தது. நம் சிறுவர் எழுத்துதோறும் 'க' சேர்த்துப் பேசும் விளையாட்டை ஒத்தது இது. பெயரை வடிகட்டினால் பொருள் நிற்காது என்பதை வழக்குமன்றம் ஒரு சிறுவர் விளையாட்டின் வாயிலாகக் கற்றது. 2001 ஜூலையில் நாப்ஸ்டர் கோப்புப் பரிமாற்றத்தை நிறுத்தியது.

அடைவே குற்றத்தின் இருப்பிடமானால் அடைவில்லாத வலை குற்றமற்றதாகுமன்றோ? 2000 மார்ச்சில் வெளிவந்த நுடெல்லாவில் மைய அடைவு இல்லை. ஒருவன் கேட்டது அயலானுக்கும் அவன் அயலானுக்குமாகக் கைமாறிச் செல்லும். 2001இல் தோன்றிய கசாவும் மைய அடைவை விடுத்தது. கசாவின் வழக்கு ஒரே மென்பொருள் இரு மொழிச்சூழலில் இரு விதமாகக் காணப்பட்டதற்குச் சான்று. நெதர்லாந்தின் உச்ச நீதிமன்றம் 2003 டிசம்பரில் அதனை வழங்கியோர்க்குச் சாதகமான தீர்ப்பை நிலைநிறுத்தியது. 2005 செப்டம்பரில் ஆஸ்திரேலியக் கூட்டாட்சி நீதிமன்றமோ அதன் உரிமையாளர் மீறலுக்கு 'அதிகாரமளித்தனர்' எனத் தீர்த்தது. ஆஸ்திரேலியச் சட்டத்தில் அந்த வினைச்சொல் இருந்தமை தீர்ப்புக்கு வழி தந்தது. அச்சொல்லுக்குப் பின்னர் மீள்வோம்.

அதே 2005 ஜூனில் கிரோக்ஸ்டர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாக வேறொரு வினையைத் தேர்ந்தது: தூண்டுதல். கருவி குற்றமற்றதாயினும் மீறலுக்குப் பயன்படவேண்டும் என்னும் நோக்கத்தைச் சொல்லாலும் செயலாலும் வெளிப்படுத்தி அதனைப் பரப்பியவர் பொறுப்பாளி. அந்நோக்கத்துக்குரிய சான்றுகளுள் விளம்பர வாசகங்களும் உள்மடல்களும் இருந்தன. கிரோக்ஸ்டர் என்னும் பெயரே நாப்ஸ்டரிலிருந்து அமைந்ததாகத் தோன்றுகிறது என நீதியரசர் சூட்டர் குறிப்பிட்டார். ஒரு விகுதி நோக்கத்துக்குச் சான்றான இவ்விடத்தில், செய்வோனையும் இடத்தையும் விட்டுக் கருவிக்கும் பயனுக்கும் நீதிமன்றம் வந்துவிட்டது.

துண்டு

இதுவரை கூறியவற்றில் முழுப்பாடல் ஒருவர் கணிப்பொறியிலிருந்து மற்றொருவர் கணிப்பொறிக்குச் சென்றது. 2001 ஜூலையில் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டோரென்ட் அம்முழுமையை உடைத்தது. பெரிய கோப்பு சிறுசிறு துண்டுகளாகப் பிரிக்கப்படும். 256 கிலோபைட் என்பது பெரிதும் வழங்கிய அளவு. ஒவ்வொரு துண்டுக்கும் ஹாஷ் எனப்படும் சரிபார்ப்பு எண் கணக்கிடப்படும். ஒருவர் தமக்கு வேண்டிய துண்டுகளைப் பலரிடமிருந்து பெறும்போதே, தம்மிடம் வந்து சேர்ந்தவற்றை மற்றவர்க்கு அளித்துக்கொண்டிருப்பார். அளிப்போர்க்கே விரைவாகக் கிடைக்குமாறு மென்பொருள் அமைக்கப்பட்டது. முழுக்கோப்பையும் வைத்திருப்பவர் 'விதை', பெற்றுவிட்டுத் தராதவர் 'அட்டை', எல்லோரும் சேர்ந்த கூட்டம் 'தேனீத்திரள்' என்று கழனியிலிருந்தும் காட்டிலிருந்தும் எடுத்த சொற்கள் அதன் கலைச்சொற்களாயின. இசை நிறுவனங்கள் ஆண்ட சொல் கடற்கொள்ளை. நூல் திருட்டுக்கு அச்சொல்லை 17ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் ஆண்டுள்ளனர். ஒரே நிகழ்ச்சியை ஒரு சாரார் வேளாண்மையாகவும் மறு சாரார் கொள்ளையாகவும் உருவகித்த நிலையில், மொழிபெயர்ப்பாளர் எந்த உருவகத்தைத் தேர்ந்தாலும் ஒரு சார்பு வந்துவிடுகிறது. 'கோப்புப் பகிர்வு' என்பதும் நடுநிலைச் சொல்லன்று. பகிர்ந்தால் கொடுத்தவனிடம் குறையவேண்டும், இங்கு எதுவும் குறைவதில்லை.

சட்டத்துக்கு எழுந்த வினா இது: துண்டு நகலாகுமா? திரைப்படக் கோப்பின் ஒரு துண்டைத் தனியே எடுத்தால் பெரும்பாலும் ஒன்றையும் காணவோ கேட்கவோ இயலாது. இதனை நூலின் ஒரு பக்கத்தோடு ஒப்பிடுவது பிழை. பக்கத்துக்குப் பொருளுண்டு. மார்த்தினே கூறிய இரட்டைப் பகுப்பை நினைவுகூர்ந்தால் தெளிவு பிறக்கும்: முதற்பகுப்பில் கிடைக்கும் உருபன் பொருளுடையது, இரண்டாம் பகுப்பில் கிடைக்கும் ஒலியன் பொருளற்றது. பிட்டோரென்டின் துண்டு ஒலியனை ஒத்தது. ஒலியனுக்கு உரிமை கோருவோர் இலர். ஆயின் ஒலியன்களன்றிச் சொல்லும் இல்லை.

ஐரோப்பாவில் இதற்கு இரு விடைகள் அமைந்தன. ஜெர்மனியின் கூட்டாட்சி உயர் நீதிமன்றம் 2017 டிசம்பரில், துண்டுகள் தனித்தனியே பயனற்றவையாயினும் அவற்றை அளிப்போர் ஒன்றுகூடிச் செய்யும் வினையின் கூட்டுச் செய்வோர் ஆவர் என்றது. எழுவாயைப் பன்மையாக்கிச் சிக்கலைத் தீர்த்த வழி இது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2021 ஜூனில் ஒரு பெல்ஜிய வழக்கில் செயப்படுபொருளைத் திருத்தியது. துண்டு என்பது படைப்பின் பகுதியன்று, படைப்பைக் கொண்ட கோப்பின் பகுதி. மக்கள் அணுகுமாறு வைக்கப்படுவது அக்கோப்பே. ஆகவே துண்டு தனியே பயன்படாது என்பது பொருட்டன்று. பொருளற்ற துண்டைப் பற்றிய வாதம் இதனால் விலக்கப்பட்டதேயன்றி விடைபெற்றது எனக் கொள்ள என் மனம் ஒப்பவில்லை. படைப்புக்கும் கோப்புக்கும் இடையே ஒரு கோடு கிழித்தபின், பதிப்புரிமை காப்பது எதனை என்னும் வினா மிச்சமிருக்கிறது.

மேற்கூறிய 'அணுகுமாறு வைத்தல்' என்னும் வினைக்குத் தனி வரலாறுண்டு. உலக அறிவுச்சொத்து நிறுவனத்தின் 1996ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில், மக்கள் தாம் தேர்ந்த இடத்திலிருந்தும் தாம் தேர்ந்த காலத்திலும் அணுகுமாறு படைப்பை வைப்பது ஆசிரியரின் உரிமை என விதிக்கப்பட்டது. நிலமும் காலமும் செய்வோனை விட்டு நீங்கிக் கொள்வோனிடம் சேர்ந்தமை இங்கு நோக்கத்தக்கது. நாப்ஸ்டர் தோன்றுவதற்கு முன்பே எழுதப்பெற்ற இவ்வாசகம் நிகர்நிலை வலைக்கென்றே எழுதியதுபோல் உள்ளது. அமெரிக்கச் சட்டத்திலோ இவ்வினை நேரடியாக இல்லை. 'படிகளை விநியோகித்தல்' என்பதே இருந்தது. 2007 அக்டோபரில் மின்னசோட்டா மாநிலத்தின் துலூத் நகரில் 24 பாடல்களுக்காக ஒரு பெண்மணி மீது நடந்த வழக்கில், அணுகுமாறு வைத்தாலே விநியோகித்ததாகும் என நீதிபதி நடுவர் குழுவுக்கு அறிவுறுத்தினார். குழு 2,22,000 டாலர் இழப்பீடு விதித்தது. அடுத்த ஆண்டு, தாம் கூறிய பொருள் பிழையென அதே நீதிபதி மறுவிசாரணைக்கு ஆணையிட்டார். இரண்டாம் விசாரணையில் தொகை 19,20,000 டாலராயிற்று, பின் குறைந்தது, மூன்றாம் விசாரணையில் 15,00,000 ஆயிற்று, 2012இல் மேல்முறையீட்டில் முதல் தொகைக்கே திரும்பியது. வினைச்சொல்லின் பொருளை அந்த மேல்முறையீட்டு மன்றம் தீர்க்காமலே விட்டது.

'அதிகாரமளித்தல்' என்பதற்கு இப்போது வருவோம். ஆஸ்திரேலியாவில் 1975இல் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் நகற்பொறி பற்றிய வழக்கு நடந்தது. கண்காணிப்பின்றி நகற்பொறியை வைத்திருந்த பல்கலைக்கழகம் மீறலுக்கு அதிகாரமளித்தது எனத் தீர்ப்பாயிற்று. அவ்வினைக்கு அகராதி வழிநின்று இசைதல், ஏற்றல், கண்டும் இடங்கொடுத்தல் என்னும் மூன்று சொற்களை அடுக்கிப் பொருளுரைப்பது அந்நாட்டு நீதிமன்ற மரபாயிற்று. திரைப்பட நிறுவனங்கள், தம் வாடிக்கையாளர் பிட்டோரென்டைப் பயன்படுத்துவதை அறிந்தும் தடுக்காத ஐஐநெட் என்னும் இணைய இணைப்பு நிறுவனத்தின்மேல் தொடுத்த வழக்கு, மூன்றாம் சொல்லாகிய 'இடங்கொடுத்தல்' என்பதையே பெரிதும் சார்ந்தது. 2012 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. நீதியரசர்களுள் இருவர், அடுக்கில் வந்த ஒரு சொல்லைத் தனியே பிரித்து அதன் எல்லாப் பொருள்களையும் மூலவினைக்கு ஏற்றலாகாது என எழுதினர். ஒருபொருட் பன்மொழியாய் அடுக்கிய அகராதிப் பொருளை மூன்று தனிப்பொருளாக வாசித்த பிழையை இதனினும் செவ்வனே எடுத்துக்காட்டிய அகராதியியல் கட்டுரையை நான் கண்டதில்லை.

இதற்கிடையே அடைவும் சிதறியது. மைமுன்கோவ், மசியேர் இருவரும் 2002இல் வெளியிட்ட கடெம்லியா முறையில், அடைவே துண்டாகி எல்லாக் கணிப்பொறிகளிலும் பரவிக் கிடக்கும். எவரிடமும் முழு அடைவு இராது. 2005இல் பிட்டோரென்ட் மென்பொருள்கள் இத்தகைய முறையை ஏற்றன. ஸ்வீடனில் 2003இல் தொடங்கிய பைரேட் பே என்னும் அடைவுத்தளத்தை நடத்தியோர் மீது 2009 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் நீதிமன்றம் சிறைத்தண்டனை விதித்தது. 2012இல் அத்தளம் கோப்புக் குறிப்புகளைக்கூட வைத்துக்கொள்ளாது ஹாஷ் எண்ணை மட்டும் தாங்கிய 'காந்த இணைப்பு'களுக்கு மாறியது. ஆயினும் 2017 ஜூனில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், படைப்புகளை வகைப்படுத்தித் தேட உதவும் அத்தளத்தார் செய்வது மக்களுக்குப் படைப்பை அறிவித்தலே என்றது. நாப்ஸ்டரில் முன்வந்த அடைவுப் பொறுப்பு பதினாறு ஆண்டுகள் கழித்து வேறொரு வினையின் பெயரில் திரும்பி வந்தது.

இன்னார்

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் இலக்கியப் படைப்பின் மறுவாக்கத்தில் மின்னணு வழியில் எந்த ஊடகத்திலும் சேமித்தலும் அடங்கும் என்பது 1994ஆம் ஆண்டுத் திருத்தத்தால் சேர்ந்தது. திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் அவ்வாறு சேர்ந்தது 2012இல். ஆக, நம் சட்டத்தில் சேமித்தல் தானே ஒரு மீறல் வினையாகலாம். வேறொருவருக்குக் கொடுக்க வேண்டுவதில்லை. மேற்கூறிய 1996ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் இந்தியா 2018இல்தான் சேர்ந்தது எனினும், தனித்தனியே தேர்ந்த இடமும் காலமும் என்னும் அதன் கருத்து 2012ஆம் ஆண்டுத் திருத்தத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

அதே 2012இல் '3' என்னும் தமிழ்த் திரைப்படத்தின் தயாரிப்பாளர் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணை, பெயர் தெரியாத எதிர்வாதிகளுக்கு எதிரானது. ஆங்கிலச் சட்டமரபில் இத்தகையோர்க்கு ஜான் டோ என்று பெயர். இந்தியாவில் அசோக் குமார் என்று பெயர். இயற்பெயர் ஒன்று சுட்டிலிப் பெயராக, நாம் இன்னார் என்பதுபோல் ஆளப்படும் அரிய வழக்கு இது. செய்வோனில்லாத வினைக்கு இலக்கணப்படி ஓர் எழுவாய் வேண்டுமாதலின் அசோக் குமார் பிறந்தார். ஆணையைப் பெற்ற இணைய நிறுவனங்கள் 2012 மே மாதத்தில் பைரேட் பே முதலிய தளங்களை முழுமையாகத் தடுத்தன. குறும்படக் கலைஞர் தம் சொந்தப் படைப்புகளை வைத்திருந்த விமியோ தளமும் அவற்றுள் ஒன்று. ஜூனில் நீதிமன்றம், மீறல் உள்ள குறிப்பிட்ட முகவரிகளையே தடுக்கவேண்டும், தளங்களையன்று என விளக்கியது. எழுவாய் தெரியாதபோது இடத்தைத் தண்டிக்க நேர்ந்தது. இடமும் அளவுக்கு மீறி விரிந்துவிட்டது.

பெயரே முகவரி

குறிப்பிட்ட முகவரி என்பதும் ஓரிடத்தைச் சுட்டுவதே. இடத்தையே சுட்டாத முகவரி முறைகளும் உண்டு. எடின்பரோ பல்கலைக்கழக மாணவர் இயன் கிளார்க் 1999இல் முன்வைத்த ஃபிரீநெட், கோப்புகளை மறைகுறியாக்கிப் பல கணிப்பொறிகளில் வைத்தது. தம் வட்டில் இருப்பது யாது என்பதை அதன் உரிமையாளரே அறியார். 2014இல் யுவான் பெனெட் எழுதிய ஐபிஎஃப்எஸ் முறையில் கோப்பின் முகவரி அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்படுகிறது. 'இன்ன இடத்தில் உள்ளதைத் தா' என்று கேட்பதில்லை. 'இன்ன எண்ணுக்குரியதைத் தா' என்று கேட்பதே அதன் முறை. அஃது எங்கிருந்து வந்தாலும் ஒன்றே.

சொல்லுக்கும் பொருளுக்கும் இடையே இயற்கைத் தொடர்பில்லை என்பது சசூர் முதல் நாம் கற்பிக்கும் பாடம். ஹாஷ் எண் அதற்கு ஒரு விலக்கு: பொருள் மாறினால் பெயர் மாறியே தீரும். ஆயினும் பொருளை அது எவ்வகையிலும் ஒத்திராது. ஓர் ஒற்று மிகுந்தாலும் எண் முழுதும் மாறும். தமிழில் இது வேறொரு தொல்லையையும் தருகிறது. 'கொ' என்பதிலுள்ள ஒகரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பு, கால் என இரு குறிகளாகவும் எழுதலாம். திரையில் வேற்றுமை தெரியாத இரு குறள் கோப்புகளுக்கு இரு வேறு முகவரிகள் அமையக்கூடும். டிஸ்கியில் இருந்த பழைய கோப்பும் யூனிகோடில் உள்ள புதிய கோப்பும் அவ்வாறே. பதிப்பாசிரியனுக்கு ஒன்றாகத் தோன்றுவது இம்முறைக்குப் பலவாகும். சட்டத்துக்கோ பல படிகளும் ஒரே படைப்பு. மொழிபெயர்ப்புங்கூட மூலத்தின் உரிமைக்கு உட்பட்டது. ஹாஷ் எண்களை வைத்துத் தடைப்பட்டியல் அமைப்போர் படியைத் தடுக்கின்றனர், படைப்பையன்று.

பேணுதல்

இதுவரை கண்டவை உரிமையாளரின் இசைவின்றி நிகழ்ந்தவை. அதே தொழில்நுட்பம் இசைவோடு நிகழ்ந்த ஒரு முயற்சி நாப்ஸ்டர் தோன்றிய காலத்திலேயே தொடங்கியது. அதற்குக் கிடைத்த கவனம் சிறிது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக நூலகத்தில் விக்கி ரைக், டேவிட் ரோசந்தால் இருவரும் உருவாக்கிய லாக்ஸ் என்னும் அம்முறையின் பெயர், 'பல படிகள் பொருளைக் காக்கும்' என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளால் ஆனது. ஆய்விதழ்கள் அச்சை விட்டு இணையத்துக்கு மாறியபோது நூலகங்கள் படியை இழந்தன. சந்தா நின்றால் பழைய இதழ்களும் கைவிட்டுப் போகும் நிலை வந்தது. லாக்ஸில் ஒவ்வொரு நூலகமும் தான் சந்தா செலுத்திய இதழ்களைத் தன் கணிப்பொறியில் சேமிக்கும். அக்கணிப்பொறிகள் அவ்வப்போது தமக்குள் வாக்கெடுத்துத் தத்தம் படிகளை ஒப்பிடும். ஒன்றன் படி மற்றவற்றின் படிகளோடு மாறுபட்டால் அது சிதைந்ததென அறிந்து திருத்திக்கொள்ளும். ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டுப் பாடபேதம் காண்பவர்க்கு இம்முறை புதிதன்று; பெரும்பான்மைப் பாடமே மூலப்பாடம் என நாம் ஒருபோதும் கொள்வதில்லை என்பதே வேறுபாடு.

இம்முறையில் ஒரு விதி பதிப்புரிமைக்கென்றே அமைந்தது. சிதைந்த படிக்கு மாற்று வேண்டும் நூலகம், முன்பு நிகழ்ந்த வாக்கெடுப்புகளில் அதே படியைத் தான் வைத்திருந்ததை மெய்ப்பித்திருக்கவேண்டும். முன்பு இருந்தோர்க்கு மட்டுமே மீண்டும் கிடைக்கும், புதியோர்க்குக் கசியாது. பயனர்கள் எவரையும் ஐயுறாத நாப்ஸ்டரின் 'தா' இங்கு நினைவாற்றல் உடையதாகிறது.

இசைவு பெறும் முறை அதனினும் சுவையானது. பதிப்பாளர் தம் இணையப் பக்கம் ஒன்றில் ஒரேயொரு வாக்கியத்தை இடவேண்டும்: இத்தொகுதியைத் திரட்டவும் பேணவும் வழங்கவும் லாக்ஸ் முறைக்கு அனுமதியுண்டு என்பது அதன் கருத்து. கணிப்பொறி அவ்வாக்கியத்தைத் தேடிக் கண்டபின்னரே சேமிக்கத் தொடங்கும். சொல்லுதலே செயலாகும் வாக்கியங்களைப் பற்றி ஆஸ்டின் எழுதியவற்றை நாம் வகுப்பில் நடத்துகிறோம். ஒரு செயல்வாக்கியத்தை மனிதர் எழுத, பொறி வாசித்து அதன்படி நடக்கும் இவ்வுதாரணத்தை அங்கு நான் ஆள்வதுண்டு. கிரோக்ஸ்டர் வழக்கில் ஒரு விகுதியிலிருந்து நோக்கத்தை உய்த்துணர வேண்டியிருந்தது. இங்கு நோக்கம் மூன்று வினைகளாக வெளிப்பட நிற்கிறது.

நம் நாட்டு மொழித் தரவுகளுக்கு இது தொலைவான செய்தியன்று. முனைவர் பட்ட ஆய்வின்போது நான் ஒலிப்பதிவு செய்த ஒரு சிறுமொழிக் கதைசொல்லி இன்றில்லை. பதிவின் ஒரு படி ஒரு நிறுவனத்தின் அலமாரியில் நாடாவாக இருந்து பூஞ்சை படிந்தது. மற்றொரு படி என் கணிப்பொறியின் வட்டோடு போயிற்று. மூன்றாவது, அவர் மகனிடம் நான் கொடுத்திருந்த குறுந்தகடு. அதிலிருந்தே இன்றைய படி மீண்டது. பத்து ஊர்களில் பத்துப் படிகள் இருந்திருப்பின் இவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஆயின் அவ்வாறு வைக்கச் சட்டம் இடந்தருகிறதா? 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில், வணிக நோக்கற்ற பொது நூலகம் தன்னிடம் மின்னணு அல்லாத படி ஏற்கெனவே இருக்குமாயின் பேணுதலுக்காக அப்படைப்பை மின்னணு வழியில் சேமிக்கலாம் என்றொரு விலக்கு சேர்ந்தது. லாக்ஸின் 'முன்பு இருந்தோர்க்கு' என்னும் விதியின் சாயல் இதில் உண்டு. எனினும் அவ்விலக்கின் எழுவாய் ஒருமை. ஒரு நூலகம், தன் படியை, தான் சேமிக்கலாம். பத்து நூலகங்கள் ஒரு படியின் துண்டுகளைப் பங்கிட்டு வைத்தால் சேமிப்பது எந்த நூலகம்? பிறப்பிலேயே மின்னணுவான பதிவுக்கு அல்லாத படி ஏது?

கதைசொல்லியின் உரிமையும் உண்டு. நம் சட்டத்தின் 'நிகழ்த்துநர்' என்னும் வரையறையில் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும் சொற்பொழிவாளரும் வரிசையாக வருகின்றனர். நிகழ்த்தும் பிறர் யாவரும் என முடிகிறது. கதைசொல்லி அதனுள் அடங்குவார். அவ்வுரிமைக்கு 50 ஆண்டு எல்லை. அவரிடம் நான் கைரேகை பெற்ற தாளில் 'ஆய்வுக்குப் பயன்படுத்தலாம்' என்னும் ஒரே வினைதான் இருந்தது. திரட்டலாமா, பேணலாமா, வழங்கலாமா என நான் வேறுவேறாகக் கேட்கவில்லை.

இப்போது கள ஆய்வு மாணவர்க்கென ஓர் இசைவுத்தாளைத் தமிழில் எழுதிவருகிறோம். முதலிரு வினைகளில் கருத்து வேறுபாடில்லை. மூன்றாவதற்கு 'அளித்தல்' என்று எழுதவேண்டும் என ஒரு சாராரும், 'வழங்குதல்' என்றே இருக்கட்டும் என ஒரு சாராரும் கூறுகின்றனர். அளித்தலுக்குக் கொடுப்போன் ஒருவன் வேண்டும், கொள்வோன் ஒருவன் வேண்டும். வழங்குதலோ கொடுத்தலையும் குறிக்கும், ஒரு சொல் மக்களிடையே நடமாடுவதையும் குறிக்கும். பின்னதற்குக் கொடுப்போன் எவனும் இல்லை. கதைசொல்லியின் மகனிடம் இரு வடிவங்களையும் படித்துக்காட்டினோம். அவர் இரண்டாவதைச் சுட்டி, அதில் தம் ஊர்ப்பெயரையும் சேர்க்கச் சொன்னார்.